வண்ண அரிசியும் ஈஸ்டர் தோரணமும்

அரிசி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சோறு நினைவுக்கு வருகிறது. இட்லி, தோசை, ஆப்பம், புட்டு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அரிசி வயிற்றுக்கு மட்டும் அல்ல. கண்ணுக்கும் விருந்து தரும். வாசலில் போடும் கோலம் அரிசி மாவால் ஆனது. துணிக்குப் போடும் கஞ்சியும் அரிசியிலிருந்து வருவதுதான். திருமணத்தில் மணமக்கள் தலையில் தூவும் அட்சதையும் அரிசிதான்.

அதே அரிசிக்கு நிறம் ஏற்றலாம். அட்டையில் ஒட்டலாம். அழகான தோரணம் செய்யலாம். ஈஸ்டர் பண்டிகைக்கு வீட்டை அலங்கரிக்கலாம். கொஞ்சம் கவனமாகச் செய்தால் நாலு காசும் பார்க்கலாம். அது எப்படி என்று இந்தப் பாடத்தில் படிப்போம்.

மட்டாஞ்சேரி

கேரள மாநிலத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. அதன் பழைய பகுதிகளில் ஒன்று மட்டாஞ்சேரி. கடலும் காயலும் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளாக இங்கே வியாபாரம் நடக்கிறது. மிளகு, இஞ்சி, ஏலம், அரிசி ஆகியவை இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பஜார் ரோட்டில் பழைய கிடங்குகளை இன்றும் பார்க்கலாம்.

வியாபாரம் இருக்கும் இடத்துக்குப் பல ஊர் மக்கள் வருவார்கள். மட்டாஞ்சேரிக்கும் வந்தார்கள். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் இங்கே காதில் விழும். யூதர்களின் பரதேசி ஜெபக்கூடம் இங்கே இருக்கிறது. அது 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் வேளி என்ற இடம் உண்டு. அங்கே டோபி கானா என்ற சலவைக் கூடம் இருக்கிறது. தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே துணி வெளுக்கிறார்கள்.

கிறிஸ்தவர்களின் வரலாற்றிலும் மட்டாஞ்சேரிக்கு இடம் உண்டு. 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் இங்கே ஒரு பெரிய கூட்டம் கூடியது. போர்ச்சுக்கீசிய ஜேசு சபைப் பாதிரியார்களுக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று மக்கள் சபதம் செய்தார்கள். ஒரு கல் சிலுவையின் மேல் ஆணையிட்டார்கள். எல்லோராலும் சிலுவையைத் தொட முடியவில்லை. அதனால் சிலுவையில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பிடித்துச் சபதம் செய்ததாகச் சொல்வார்கள். கயிற்றின் இழுப்பில் சிலுவை வளைந்தது என்றும் சொல்வார்கள். 'கூனன் குரிசு' என்பது அந்தச் சிலுவையின் பெயர். குரிசு என்றால் மலையாளத்தில் சிலுவை. அந்தப் பெயரில் இன்றும் மட்டாஞ்சேரியில் தேவாலயம் இருக்கிறது.

ஈஸ்டர் எப்போது வரும்?

கிறிஸ்துமஸ் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25இல் வரும். ஈஸ்டர் அப்படி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார்ப்பார்கள். அந்தப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்பு வராது. ஏப்ரல் 25க்குப் பின்பும் வராது. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20இல் வந்தது. 2026இல் அது ஏப்ரல் 5.

இயேசு மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த நாளைத்தான் ஈஸ்டர் என்று கொண்டாடுகிறார்கள். தமிழில் உயிர்ப்பு ஞாயிறு என்றும் சொல்வார்கள். அதற்கு முன்பு நோன்புக் காலம். கேரளத்தில் இதை ஐம்பது நோன்பு என்பார்கள். பலர் இறைச்சியும் முட்டையும் தொட மாட்டார்கள்.

கடைசி வாரத்தில் முதலில் வருவது குருத்தோலை ஞாயிறு. பிறகு பெரிய வியாழன். அன்று மாலை கேரளக் கிறிஸ்தவர் பலர் வீட்டில் பெசஹா அப்பம் செய்வார்கள். அரிசியும் உளுந்தும் சேர்த்த மாவு. புளிக்க வைக்க மாட்டார்கள். அப்பத்தின் மேல் குருத்தோலையால் சிறிய சிலுவை வைப்பார்கள். வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்துப் பால் காய்ச்சுவார்கள். குடும்பத்தில் மூத்தவர் அப்பத்தை வெட்டி எல்லோருக்கும் கொடுப்பார். மறுநாள் பெரிய வெள்ளி. ஞாயிறு அன்று நோன்பு முடியும். ஆப்பமும் குழம்பும் முட்டையும் இலைக்கு வரும்.

முட்டை எப்படி ஈஸ்டரோடு சேர்ந்தது?

நோன்புக் காலத்தில் மக்கள் முட்டை சாப்பிட மாட்டார்கள். ஆனால் கோழி சும்மா இருக்குமா? அது முட்டையிட்டுக் கொண்டே இருக்கும். நோன்பு முடியும்போது வீட்டில் நிறைய முட்டை சேர்ந்திருக்கும். அதைப் பண்டிகை நாளில் சமைத்தார்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார்கள்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். முட்டை வெளியே பார்க்கக் கல் போல இருக்கும். உள்ளே உயிர் இருக்கும். ஒரு நாள் ஓட்டை உடைத்துக் கொண்டு குஞ்சு வெளியே வரும். மூடிய கல்லறையிலிருந்து இயேசு எழுந்ததற்கு இது அடையாளம் ஆனது. கிரேக்க நாட்டில் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்பு நிறம் ஏற்றுவார்கள். உக்ரைன் நாட்டில் முட்டை மேல் மெழுகால் கோடு போட்டு, பல நிறங்களில் முக்கி எடுப்பார்கள்.

அரிசிக்கு நிறம் ஏற்றி ஒட்டுவது மட்டாஞ்சேரியின் பழைய ஈஸ்டர் வழக்கம் அல்ல. ஆனால் அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் நம் அடுப்படியில் இருக்கிறது. அந்தக் கைவேலையும் நமக்குப் புதிது அல்ல.

ஐந்து நிறக் களம்

கேரளத்தில் களமெழுத்து என்ற கலை உண்டு. கோயில்களில் தரையில் பெரிய உருவங்களைப் பொடியால் வரைவார்கள். பகவதி, ஐயப்பன், நாகம் போன்ற உருவங்களை வரைவார்கள். தூரிகை கிடையாது. விரலால்தான் பொடியைத் தூவுவார்கள். ஐந்து நிறம் உண்டு. ஐந்தும் ஊரில் கிடைக்கும் பொருளால் ஆனவை.

வெள்ளை – அரிசி மாவு.
மஞ்சள் – மஞ்சள் பொடி.
கறுப்பு – உமியைக் கருக்கிய கரி.
பச்சை – வாகை இலைப் பொடி.
சிவப்பு – மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை.

மஞ்சளும் வெள்ளைச் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு எப்படி வருகிறது? மஞ்சளில் குர்க்குமின் என்ற சத்து இருக்கிறது. அதுதான் நிறம் தருகிறது. சுண்ணாம்பு காரப் பொருள். காரம் பட்டால் குர்க்குமின் சிவப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் பட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பாகத் தெரியும். அதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே அரிசியும் நிறமும் நம் ஊரில் பழைய நண்பர்கள்.

எந்த அரிசி நல்லது?

கேரளத்தில் மட்டை அரிசி பலர் வீட்டில் உண்டு. அது செந்நிறமாக இருக்கும். தவிட்டின் நிறம் அதில் ஒட்டியிருக்கும். அதில் வேறு நிறம் ஏற்றினால் பளிச்சென்று தெரியாது. புழுங்கல் அரிசி கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். அதிலும் நீலம் சரியாக வராது. வெள்ளைப் பச்சரிசிதான் நல்லது.

முழு அரிசி தேவை இல்லை. நொய் போதும். குருணை என்றும் சொல்வார்கள். அதன் விலை குறைவு. சின்னச் சின்ன இடங்களில் ஒட்டவும் வசதி. மாவரைக்க வைத்திருந்த பழைய பச்சரிசியும் சரிதான். வண்டு இருந்தால் முதலில் வெயிலில் பரப்புங்கள். வண்டு ஓடிவிடும். பிறகு புடைத்து எடுங்கள்.

அரிசியை வீணாக்கலாமா?

இந்தக் கேள்வி எல்லோர் மனதிலும் வரும். வர வேண்டிய கேள்விதான். அரிசியைக் காலால் மிதிக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது கொச்சியும் திருவிதாங்கூரும் தனித்தனி அரசுகளாக இருந்தன. இங்கே விளையும் நெல் மக்களுக்குப் போதவில்லை. பர்மாவிலிருந்து கப்பலில் அரிசி வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசி வருவது நின்றது. மக்கள் பசியால் வாடினார்கள். ரேஷன் முறை வந்தது. மரவள்ளிக் கிழங்குதான் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு பிடி அரிசியின் அருமை தெரியும்.

அதனால் கணக்குப் பார்த்துச் செய்வோம். ஆயிரம் அரிசியின் எடை சுமார் 20 கிராம். உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டை முட்டையை ஒரு பக்கம் மூட, சுமார் 500 அரிசி வேண்டும். அதாவது 10 கிராம். 20 அட்டை முட்டை செய்ய 200 கிராம் போதும். அது ஒரு டம்ளர் அரிசி.

ஒரு டம்ளருக்கு மேல் நிறம் ஏற்ற வேண்டாம். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மணலுக்கும் மரத்தூளுக்கும் கூட இதே முறையில் நிறம் ஏற்றலாம்.

நிறம் ஏற்றும் முறை

வேண்டிய பொருள்கள்:
பச்சரிசி நொய் – அரை டம்ளர்.
வினிகர் – ஒரு தேக்கரண்டி.
சமையல் நிறம் – கால் தேக்கரண்டி.
மூடி உள்ள பாட்டில் – ஒன்று.
பழைய செய்தித்தாள்.

செய்முறை:
1. அரிசியைக் கழுவ வேண்டாம். தூசி போகப் புடைத்தால் போதும்.
2. வினிகரில் நிறத்தைக் கரையுங்கள். கட்டி இருக்கக் கூடாது.
3. அரிசியைப் பாட்டிலில் போடுங்கள். கரைத்த நிறத்தை அதில் ஊற்றுங்கள்.
4. மூடியை இறுக்கி மூடுங்கள். இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்.
5. எல்லா அரிசியிலும் நிறம் பிடித்ததா என்று பாருங்கள். வெள்ளையாக இருந்தால் மறுபடி குலுக்குங்கள்.
6. செய்தித்தாளில் மெல்லியதாகப் பரப்புங்கள். நிழலில் காய வையுங்கள். ஓர் இரவு காயட்டும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக இப்படிச் செய்ய வேண்டும்.

தண்ணீர் ஏன் அதிகம் ஊற்றக் கூடாது? அரிசி தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். மாவுச் சத்து வெளியே வந்து பிசுபிசுக்கும். அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். பூஞ்சணமும் பிடிக்கும். கொச்சியில் காற்றில் ஈரம் அதிகம். அதனால் நன்றாகக் காய வேண்டும். கையில் எடுத்தால் உமி போலச் சலசலக்க வேண்டும். அதுதான் பதம்.

வெயிலில் காய வைத்தால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். காயும். ஆனால் நிறம் வெளுக்கும். மஞ்சள் நிறம் வெயிலில் சீக்கிரம் போய்விடும்.

அடுப்படி நிறங்கள்

கடை நிறம் இல்லாமலும் செய்யலாம். இந்த நிறங்கள் மென்மையாக இருக்கும். சில வாரங்களில் மங்கும். பண்டிகைக்குப் போதும்.

மஞ்சள்: ஒரு தேக்கரண்டி மஞ்சள் பொடியை இரண்டு தேக்கரண்டி வினிகரில் குழைத்து அரிசியில் கலக்கவும்.

சிவப்பு: மஞ்சள் பொடியோடு சிறிது வெற்றிலைச் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைக்கவும். இதில் வினிகர் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

ரோஜா நிறம்: பீட்ரூட்டைத் துருவிப் பிழியவும். அந்தச் சாறு இரண்டு தேக்கரண்டி போதும்.

நீலம்: இருபது நீலச் சங்குப் பூவை அரை டம்ளர் வெந்நீரில் ஊற வைக்கவும். பிழிந்து வடிகட்டவும். சாறு இரண்டு கரண்டியாகச் சுண்டும் வரை காய்ச்சவும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிசியில் சேர்க்கவும்.

ஊதா: அதே சங்குப் பூச் சாற்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடவும். நீலம் ஊதாவாக மாறுவதைக் கண் முன்னால் பார்க்கலாம்.

பச்சை: நீல அரிசி காய்ந்த பிறகு, அதில் மிகவும் சிறிதளவு மஞ்சள் கரைசலைத் தடவவும்.

பாக்கெட்டைப் படியுங்கள்

கடையில் நிறப் பொடி வாங்கும்போது அவசரப்பட வேண்டாம். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுத்துப் படித்தவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

எல்லா நிறப் பொடியும் ஒன்று அல்ல. துணிக்குப் போடும் சாயம் வேறு. கோலப் பொடி வேறு. சமையலுக்கான நிறம் வேறு. மூன்றும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

ரோடமைன் பி என்று ஒரு சாயம் உண்டு. அது பளிச்சென்ற ரோஜா நிறம் தரும். துணிக்கும் தாளுக்கும் உரியது. உணவில் சேர்க்க அனுமதி இல்லை. உடம்புக்குக் கேடு செய்யும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைப் பரிசோதித்தார்கள். அதில் இந்தச் சாயம் இருந்தது. உடனே தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்கத் தடை போட்டது. புதுச்சேரியும் தடை போட்டது.

சமையல் நிறப் பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்?
– எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை இருக்கிறதா? அதன் கீழ் 14 இலக்க எண் இருக்கிறதா?
– உணவுக்கு என்று எழுதியிருக்கிறதா?
– தயாரித்த தேதி, முடியும் தேதி இருக்கிறதா?
– தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா?

இவை இல்லாத பாக்கெட்டை வாங்க வேண்டாம்.

அலங்கார அரிசியைத்தான் யாரும் சாப்பிடப் போவதில்லையே, பிறகு ஏன் சமையல் நிறம் என்று கேட்கலாம். வீட்டில் குழந்தை இருக்கும். கீழே விழுந்த அரிசியைப் பொறுக்கி வாயில் போடும். கோழியும் குருவியும் கொத்தும். நிறம் ஏற்றும் நம் கையிலும் சாயம் ஒட்டும். அதனால்தான் சமையல் நிறம்.

சமையல் நிறம் போட்டாலும் அந்த அரிசியைச் சமைக்கக் கூடாது. பல கை பட்டிருக்கும். பழைய தாளில் கிடந்திருக்கும். மீதி அரிசியைப் பாட்டிலில் போட்டு வையுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 'அலங்கார அரிசி. சாப்பிடக் கூடாது.' உங்கள் கையாலேயே எழுதுங்கள். பாட்டிலை உயரமான இடத்தில் வையுங்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தத் தாள் உதவாது. உயரம்தான் உதவும்.

மிகச் சிறு குழந்தைகள் அரிசியை மூக்கிலும் காதிலும் போட்டுக் கொள்வார்கள். அப்படி நடந்தால் குச்சியால் குத்தி எடுக்க முயல வேண்டாம். அரிசி இன்னும் உள்ளே போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அட்டை முட்டைத் தோரணம்

வேண்டிய பொருள்கள்: பழைய அட்டைப் பெட்டி, வெள்ளைப் பசை, நான்கு நிற அரிசி, கத்தரிக்கோல், பென்சில், நூல், ஒரு தட்டு.

1. ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்பை ஒட்டிப் பாதி முட்டை வரையுங்கள். மடித்தபடியே வெட்டுங்கள். விரித்தால் முழு முட்டை கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும்.
2. அந்தத் தாளை அட்டையில் வைத்து வரையுங்கள். அட்டையை வெட்டுங்கள். முட்டையின் உயரம் 10 சென்டிமீட்டர் இருக்கலாம்.
3. மேலே ஒரு துளை போடுங்கள். அரிசி ஒட்டிய பிறகு துளை போட்டால் அரிசி உதிரும்.
4. பென்சிலால் கோலம் வரையுங்கள். கோடு, வளைவு, பூ, சிலுவை, எழும் சூரியன் எதுவும் வரையலாம். கொச்சியின் சீன வலையை வரைந்தால் ஊரின் அடையாளமும் சேரும்.
5. ஒரு நிறத்துக்கு உரிய இடத்தில் மட்டும் பசை தடவுங்கள். அதன் மேல் அந்த நிற அரிசியைத் தூவுங்கள். விரலால் மெதுவாக அழுத்துங்கள்.
6. பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தட்டின் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒட்டாத அரிசி தட்டில் விழும். அதை மறுபடி பயன்படுத்தலாம்.
7. அடுத்த நிறத்துக்குப் பசை தடவுங்கள். இப்படி ஒவ்வொரு நிறமாக முடியுங்கள்.
8. ஓர் இரவு படுக்கை வசமாகக் காய வையுங்கள். பிறகு நூல் கோத்துத் தொங்க விடுங்கள்.

மைதாப் பசையும் ஒட்டும். ஒரு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை தயார். ஆனால் மைதாவுக்குக் கரப்பான் வரும். எலியும் வரும். சிலர் பூச்சி வராமல் இருக்கத் துருசு சேர்ப்பார்கள். துருசு விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

கொட்டாங்கச்சிக் கூடு

தேங்காய் உடைத்த கொட்டாங்கச்சி வீட்டில் இருக்கும். கேரளத்தில் இதைச் சிரட்டை என்பார்கள். வெளிப்புற நாரைத் தேய்த்து எடுங்கள். உள்ளே பச்சை அரிசியையும் மஞ்சள் அரிசியையும் நிரப்புங்கள். அதன் மேல் காலி முட்டை ஓட்டை வையுங்கள். பறவைக் கூடு போல இருக்கும்.

காலி முட்டை ஓடு எப்படிக் கிடைக்கும்? பச்சை முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளை போடுங்கள். ஒரு துளையைச் சற்றுப் பெரிதாக்குங்கள். மற்றொரு துளை வழியாக ஊதுங்கள். உள்ளே இருப்பது கிண்ணத்தில் விழும். அதை உடனே நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். ஓட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். பச்சை முட்டையின் ஓட்டில் நோய்க் கிருமி இருக்கலாம். அதனால் ஊதும் முன் ஓட்டைக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கூட்டுக்குள் மெழுகுவர்த்தி வைக்க வேண்டாம். காய்ந்த அரிசியும் நூலும் அட்டையும் தீப்பிடிக்கும்.

விற்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் கணக்கு எழுத வேண்டும். கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

20 அட்டை முட்டைக்குச் செலவு:
அரிசி 200 கிராம் – 8 ரூபாய்.
நிறம் – 30 ரூபாய்.
வினிகர் – 5 ரூபாய்.
பசை – 40 ரூபாய்.
நூல், நாடா – 17 ரூபாய்.
பழைய அட்டை – செலவு இல்லை.
மொத்தம் – 100 ரூபாய்.

ஒரு முட்டைக்கு அடக்க விலை 5 ரூபாய். அதை 15 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக் கொள்வோம். இருபதும் விற்றால் 300 ரூபாய். செலவு போக 200 ரூபாய் மிஞ்சும்.

இது முழுவதும் லாபமா? இல்லை. உங்கள் உழைப்பை எழுத மறந்துவிட்டோம். இருபது முட்டை செய்ய ஐந்து மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய். நான்கு முட்டை விற்காமல் நின்றுபோனால் என்ன ஆகும்? 16 முட்டைக்கு 240 ரூபாய் வரும். செலவு போக மிச்சம் 140 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 28 ரூபாய்தான்.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? இது பண்டிகைக் கால வேலை. கூடுதல் வருமானம். இதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. முதலில் ஐந்து மட்டும் செய்யுங்கள். பள்ளி, தேவாலயம், பக்கத்துக் கடை ஆகியவற்றில் காட்டுங்கள். யார் எத்தனை கேட்டார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். கேட்ட அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

பத்துப் பெண்கள் சேர்ந்தால் பொருளை மொத்தமாக வாங்கலாம். விலை குறையும். ஒருவர் வெட்டலாம், ஒருவர் நிறம் ஏற்றலாம், ஒருவர் ஒட்டலாம். கேரளத்தில் 1998இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிறு தொழில் செய்ய அது வழி காட்டியது. அங்கும் கணக்கு நோட்டுத்தான் குழுவின் உயிர். நோட்டைப் படிக்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

கொச்சி இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில். 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அது முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதல் மாவட்டம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18இல் கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அதைக் கோழிக்கோட்டில் மேடையேறி அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவர் வயதான காலத்தில் எழுத்துக் கற்றவர். எழுத்து எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் உண்டு. சாயப் பாக்கெட்டைப் படிக்கப் பயன்படும். விற்ற கணக்கை எழுதப் பயன்படும்.

எல்லோர் வாசலுக்கும்

மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் பல மதத்தினர் வாழ்கிறார்கள். வண்ண அரிசி ஈஸ்டருக்கு மட்டும் உரியது அல்ல. முட்டைக்குப் பதில் நட்சத்திரம் வெட்டினால் கிறிஸ்துமஸ் தோரணம். பிறை வெட்டினால் ரம்ஜான் தோரணம். கரும்பும் பானையும் வரைந்தால் பொங்கல். பூக்களம் போல ஒட்டினால் ஓணம். வடிவம் மாறும். அரிசியும் பசையும் உழைப்பும் ஒன்றே.

பண்டிகை முடிந்ததும் தோரணத்தைக் குப்பையில் போட வேண்டாம். காய்ந்த துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். கூடவே நாலு காய்ந்த வேப்பிலை போடுங்கள். பூச்சி அண்டாது. அடுத்த ஆண்டும் அதே தோரணம் வாசலில் தொங்கும். ஒரு டம்ளர் அரிசி இரண்டு பண்டிகைக்கு உதவிய கணக்கு ஆகும்.

பயிற்சி

1. ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?
2. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் என்ன நிறம் வரும்? ஏன்?
3. சமையல் நிறப் பாக்கெட்டில் பார்க்க வேண்டிய நான்கு விவரங்களை எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுங்கள். அதில் 14 இலக்க எண் இருக்கிறதா? இருந்தால் நோட்டில் எழுதுங்கள்.
5. 30 அட்டை முட்டை செய்ய எத்தனை கிராம் அரிசி வேண்டும்? கணக்குப் போடுங்கள்.